கணக்கு டீச்சரிடம் கேளுங்கள்: சுருக்கினால் சிறுத்துப் போகுமா?

போன இதழில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனுக்குப் பதில் எழுதும்போது, போகிற போக்கில் 'பின்னத்தைச் சுருக்குவது என்றால் வெட்டுவது இல்லை' என்று ஒரு வரி எழுதிவிட்டேன். மேலேயும் கீழேயும் ஒரே எண் இருந்தால் கோடு போட்டு அடித்துவிடுகிறார்களே, அந்த வெட்டைத்தான் சொன்னேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இந்த மாதம் பக்கம் முழுவதையும் பிடித்துக்கொண்டன. வட்டிக் கணக்கு கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அடுத்த மாதம் உங்கள் முறை.

*

கேள்வி: டீச்சர், என் மகன் ஆறாம் வகுப்பு படிக்கிறான். 16/64 என்ற பின்னத்தைச் சுருக்கச் சொன்னால், மேலே இருக்கிற 6, கீழே இருக்கிற 6 இரண்டையும் கோடு போட்டு அடித்துவிட்டு 1/4 என்று எழுதியிருக்கிறான். நோட்டில் டிக்கும் வாங்கி வந்துவிட்டான். இப்படிச் செய்யக்கூடாது என்று சொன்னால், 'விடை சரிதானேம்மா, அப்புறம் என்ன' என்கிறான். நான் என்ன சொல்வது?
(ஆறாம் வகுப்பு மாணவனின் அம்மா, திருப்பூர்)

அம்மா, பையனைத் திட்டாதீர்கள். அவனுக்கு அடித்திருப்பது லாட்டரி. 16ஐ 16ஆல் வகுத்தால் 1, 64ஐ 16ஆல் வகுத்தால் 4, அதனால்தான் 1/4 வந்தது. அவன் அடித்த 6க்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒன்றை விடச் சிறிய இரண்டு இலக்கப் பின்னங்களில், இப்படி இலக்கத்தை அடித்தும் தற்செயலாகச் சரியான விடை வருவது மொத்தம் நான்கே நான்கில்தான்: 16/64, 19/95, 26/65, 49/98. (30/60 மாதிரி கடைசியில் சுழி வருவது வேறு கதை, அங்கே நிஜமாகவே 10ஆல் வகுக்கிறோம்.) அந்த நான்கில் ஒன்று அவன் நோட்டில் வந்து உட்கார்ந்தது அவன் அதிர்ஷ்டமோ, உங்கள் துரதிர்ஷ்டமோ.

விளக்கம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். 12/24 எழுதிக் கொடுங்கள். அவன் முறைப்படி 2ஐ அடித்தால் 1/4 வரும். 'இருபத்திநாலு இட்லியில் பன்னிரண்டு தின்றால் கால்வாசியாடா?' என்று மட்டும் கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுங்கள். அடுத்து 13/39 கொடுங்கள், 3ஐ அடித்து 1/9 என்பான். 39இல் மூன்று 13 இருப்பதை அவனே எண்ணிப் பார்க்கட்டும். பிறகு மற்ற மூன்று லாட்டரிகளையும் அவனையே தேடச் சொல்லுங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீடு அமைதியாக இருக்கும்.

டிக் போட்ட ஆசிரியரையும் கோபிக்காதீர்கள். நானும் போட்டிருக்கிறேன். நாற்பது நோட்டு, மணி அடிக்க ஐந்து நிமிடம், கண் விடையைத்தான் பார்க்கும், நடுவில் நடந்ததைப் பார்க்காது. ஒரு வருடம் இதில் நன்றாக மாட்டிக்கொண்ட பிறகு என் வகுப்பில் ஒரு சட்டம் கொண்டுவந்தேன்: எதனால் வகுத்தாய் என்பதைப் பக்கத்தில் எழுதாமல் கோடு போடக்கூடாது. 12/18 என்றால், மேலே 12 ÷ 6, கீழே 18 ÷ 6, விடை 2/3, அவ்வளவுதான். அடித்த கோட்டில் அந்த 6 கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது, பிள்ளைக்கு மிஞ்சுவது கோடு மட்டும். ஒரு மாதம் இப்படி எழுதிப் பழகிய பிறகு கோடு போட்டுக்கொள்ளட்டும், யார் வேண்டாம் என்றது.

*

கேள்வி: நான் அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியர். ஏழாம் வகுப்பில் 12/18ஐச் சுருக்கச் சொன்னேன், பெரும்பாலும் எல்லாரும் 2/3 என்று சரியாக எழுதினார்கள். சும்மா இருக்காமல் '12/18, 2/3 இரண்டில் எது பெரியது?' என்று கேட்டுவிட்டேன். பாதி வகுப்பு 12/18தான் பெரியது என்றது! அவர்களே சுருக்கியதுதான். எங்கே தவறு செய்தேன் என்று புரியவில்லை.
(ஆசிரியர், விழுப்புரம் மாவட்டம்)

சார், நீங்கள் சும்மா இருக்காமல் கேட்ட கேள்விதான் அந்தப் பாடத்திலேயே உருப்படியான கேள்வி. இதே இடத்தில் நானும் சாக்பீஸும் கையுமாக நின்றிருக்கிறேன். என் வகுப்பில் ஒரு பெண், ரொம்ப நல்ல பிள்ளை, எழுந்து நின்று சொன்னாள்: 'டீச்சர், சுருக்கிட்டோம்ல, அப்ப சின்னதாத்தானே ஆகணும்?'

அவள் சொன்னதில் என்ன பிழை? துவைத்தால் சட்டை சுருங்குகிறது, சின்னதாகிறது. செலவைச் சுருக்கு என்றால் குறை என்று அர்த்தம். கட்டுரையைச் சுருக்கி எழுது என்று தமிழ் ஐயா சொன்னால் பத்து வரி மூன்று வரி ஆகிறது. ஊரெல்லாம் சுருக்கு என்றால் சிறிதாக்கு என்று வைத்துக்கொண்டு, கணக்குப் புத்தகத்தில் மட்டும் 'சுருக்குக' என்று போட்டுவிட்டு அளவு மாறாது என்று நாம் சொன்னால், அந்தப் பிள்ளை தமிழை நம்புமா, நம்மை நம்புமா? போதாததற்கு எண்களும் கண் முன்னால் 12இலிருந்து 2 ஆகின்றன. சாட்சி எல்லாமே அவள் பக்கம்தான் இருந்தது.

அன்றைக்கு எனக்குக் கைகொடுத்தது எங்கள் பாட்டியின் சுருக்குப் பை. இடுப்பில் செருகியிருக்குமே, கயிறு கோர்த்த பை, வெற்றிலை பாக்கும் காசும் உள்ளே கிடக்கும். கயிற்றை இழுத்தால் வாய் சுருங்கும். உள்ளே இருக்கிற காசு ஒரு பைசா குறையுமா? பின்னத்தைச் சுருக்குவது அந்தச் சுருக்கு, சட்டை சுருங்குகிற சுருக்கு இல்லை. இப்போதைய பிள்ளைகளில் பாதிப் பேர் சுருக்குப் பையைப் பார்த்ததில்லை என்பதால் அடுத்த வருடம் ஒன்றைத் தைத்தே எடுத்துக்கொண்டு போனேன்.

அதன் பிறகு காசையே வெளியே எடுத்தேன். மேஜை மேல் பத்து ரூபாய் நாணயம் ஆறு. நூறு ரூபாயில் இது எத்தனை பங்கு? நூறுக்குப் பத்து நாணயம், அதில் ஆறு, எனவே 6/10. இப்போது கடைக்காரரிடம் கொடுத்து மூன்று இருபது ரூபாய் நோட்டாக மாற்றிக்கொள்கிறோம். நூறுக்கு இருபது ரூபாய் நோட்டு ஐந்து, அதில் மூன்று, 3/5. பையில் இருந்தது அறுபது ரூபாய், இருப்பதும் அறுபது ரூபாய். நாணயம் ஆறு மூன்றானது, ஒவ்வொன்றின் மதிப்பு இரட்டிப்பானது. சுருக்குவது என்றால் மொத்தமும் இதுதான்: சில்லறையைக் கொடுத்து நோட்டு வாங்குவது. இந்த மூன்று நோட்டை, எல்லாம் ஒரே மதிப்பாக, இன்னும் குறைந்த நோட்டாக மாற்ற முடியுமா? முப்பது ரூபாய் நோட்டும் கிடையாது, அறுபது ரூபாய் நோட்டும் கிடையாது, 3/5 அத்துடன் நின்றுவிடும். அதுவே 5/10 ஆக இருந்தால்? ஒரே ஒரு ஐம்பது ரூபாய் நோட்டு, 1/2. பின்பெஞ்சிலிருந்து பதில் வந்த முதல் பின்னப் பாடம் எனக்கு அதுதான்.

காசு கொண்டுபோக முடியாத நாளில் காகிதப் பட்டை போதும். நோட்டுத் தாளின் ஓரத்தை நீளமாகக் கிழித்து, மூன்று முறை பாதி பாதியாக மடித்துப் பிரித்தால் எட்டுப் பங்கு. ஆறு பங்குக்கு வண்ணம் அடிக்கச் சொல்லுங்கள், 6/8. இப்போது ஒன்று விட்டு ஒரு மடிப்புக் கோட்டின் மேல் மட்டும் பேனாவால் அழுத்திக் கோடு போடச் சொல்லி, 'பேனாக் கோட்டை மட்டும் பார், மற்ற மடிப்பை மறந்துவிடு' என்றால், அதே வண்ணம் 3/4 ஆக நிற்கும். ஒரு புள்ளி வண்ணம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இதைக் கரும்பலகையில் வரைந்து காட்டினால் வேலைக்கு ஆகாது, பிள்ளை கையால் கிழித்து மடிக்க வேண்டும். குப்பைதான், பரவாயில்லை.

நம் பேச்சுத் தமிழிலேயே இது இருக்கிறது என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். முக்கால் என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள், மூன்று கால். அரைக்கால் என்பது காலில் பாதி, அதாவது 1/8. ஆறு அரைக்காலைச் சேர்த்தால் மூன்று கால், அதுவே முக்கால். 6/8 = 3/4 என்று எழுதினால் விழிக்கிற பிள்ளை, 'ஆறு அரைக்கால் சேர்ந்தா முக்கால்' என்றால் விரல் விட்டாவது எண்ணிப் பார்க்கும். பகுதி என்பது வெறும் கீழே இருக்கிற எண் இல்லை, அது துண்டின் பெயர். தொகுதி, அந்தத் துண்டு எத்தனை என்ற எண்ணிக்கை. இது மண்டையில் ஏறிவிட்டால் சுருக்குவது, பின்னத்தைக் கூட்டுவது இரண்டுமே லேசாகிவிடும்.

நம் ஊர்ப் பிள்ளைகள்தான் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். 1978வாக்கில் அமெரிக்காவில் நாடு தழுவிய ஒரு தேர்வில் 13 வயதுப் பிள்ளைகளிடம் 12/13 + 7/8 உத்தேசமாக எவ்வளவு என்று கேட்டு, 1, 2, 19, 21 என்று நான்கு விடைகள் கொடுத்திருந்தார்கள். இரண்டு பின்னமும் ஏறக்குறைய ஒன்று, ஆகவே விடை 2. அதைச் சொன்னவர்கள் நாலில் ஒரு பங்கு கூட முழுதாக இல்லை, பாதிக்கு மேற்பட்டவர்கள் 19, 21 பக்கம் போய்விட்டார்கள். மேலே இருப்பதைக் கூட்டினால் 19, கீழே இருப்பதைக் கூட்டினால் 21, வேறு எங்கிருந்து வரும்? நீங்கள் கேட்ட 'எது பெரியது' என்ற கேள்வியை ஒவ்வொரு சுருக்கல் கணக்குக்குப் பிறகும் கேட்டுக்கொண்டே இருங்கள். 'ரெண்டும் ஒண்ணுதான் சார்' என்று சலிப்போடு சொல்லும் வரை.

*

கேள்வி: டீச்சர், நான் கம்பி கட்டுகிற வேலை செய்கிறேன். எட்டாவது வரைதான் படித்தேன். மகள் ஆறாவது, பின்னம் வரவில்லை என்று அழுகிறாள். டியூஷன் வைக்க வசதி இல்லை. நான் சொல்லிக் கொடுத்தால் தப்பாகப் போய்விடுமா?
(ஒரு தந்தை, சென்னை)

தம்பி, நீங்கள் காலையிலிருந்து சாயங்காலம் வரை செய்வது பின்னக் கணக்குதான். ஒரு இஞ்சுக்கு எட்டு நூல். 'மூணு நூல் கம்பி' என்று கேட்டு வாங்குகிறீர்களே, அது 3/8 இஞ்சு, அதைத்தான் கடையில் 10 மில்லி என்று பில் போடுகிறார்கள். நாலு நூல் என்றால் 4/8, அதாவது அரை இஞ்சு. ஆறு நூல் என்றால் 6/8, முக்கால் இஞ்சு. பிளம்பரிடம் போய் ஆறு நூல் பைப்பு என்று யாரும் சொல்வதில்லை, முக்கால் இஞ்சு பைப்பு என்கிறோம். அந்த மாற்றிச் சொல்கிறோமே, அதற்குப் பெயர்தான் சுருக்குதல். மகளுக்கு வராதது உங்களுக்கு வாயிலேயே இருக்கிறது.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு டேப்பை அவள் கையில் கொடுங்கள். இஞ்சுப் பக்கத்தில் ஒரு இஞ்சுக்குள் எத்தனை சின்னக் கோடு என்று எண்ணச் சொல்லுங்கள், பெரும்பாலான டேப்பில் பதினாறு பங்கு இருக்கும். கோடுகள் எல்லாம் ஒரே உயரம் இல்லை என்பதைக் காட்டுங்கள்: பாதியில் நிற்கிற கோடு உயரம், கால் கொஞ்சம் குட்டை, நூல் அதைவிடக் குட்டை, அரை நூல் எல்லாவற்றிலும் குட்டை. 12/16 எங்கே இருக்கிறது என்று விரல் வைக்கச் சொல்லுங்கள். 6/8? அதே இடம். 3/4? அதே இடம். மூன்று பெயர், ஒரு கோடு. தீப்பெட்டி, பென்சில், செல்போன் என்று வீட்டில் இருப்பதை எல்லாம் அளந்து, 'எத்தனை பதினாறு, அதைச் சின்ன எண்ணில் சொல்லு' என்று ஒரு வாரம் விளையாடுங்கள்.

அவள் புத்தகத்தில் தொகுதி, பகுதி என்று வரும். மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. இது ஒன்றுதான் உங்களுக்குப் புதிது.

*

கேள்வி: மீ.பெ.கா. (மீப்பெரு பொதுக் காரணி, அதாவது இரண்டு எண்களையும் வகுக்கிற மிகப் பெரிய எண்) கண்டுபிடித்து ஒரே அடியில் சுருக்க வேண்டும் என்று டியூஷனில் சொல்கிறார்கள், என் மகளோ 2, 2, 3 என்று படிப்படியாக வகுத்துக்கொண்டே போகிறாள். எது சரி? அப்புறம் 51/68, 49/91 மாதிரி எண் வந்தால் 'இது சுருங்காதும்மா' என்று விட்டுவிடுகிறாள், அதற்கு ஏதாவது வழி உண்டா?
(ஏழாம் வகுப்பு மாணவியின் அம்மா, மதுரை)

இரண்டும் சரி. 48/72ஐ 24ஆல் ஒரே தடவையில் வகுத்தாலும் 2/3, மூன்று தடவை 2ஆலும் ஒரு தடவை 3ஆலும் வகுத்தாலும் 2/3. மொத்தமாக நோட்டு வாங்குவதா, கடை கடையாக ஏறி மாற்றுவதா, அவ்வளவுதான் வித்தியாசம். மீ.பெ.கா.வை (எங்கள் காலத்தில் அதற்கு மீ.பெ.வ. என்று பெயர், மீப்பெரு பொது வகுத்தி) முதல் நாளே தலையில் கட்டினால், பிள்ளை காரணிகளை வரிசையாக எழுதுவதிலேயே களைத்து, எதற்காக எழுதினோம் என்பதை மறந்துவிடுகிறது. படிப்படியாகப் போகிற பிள்ளையை அப்படியே விடுங்கள், பெரிய எண் வரும்போது அவளே குறுக்கு வழி தேடுவாள். கடைசியில் 'இன்னும் வகுபடுமா' என்று ஒரு தடவை பார்க்க மட்டும் பழக்குங்கள், மதிப்பெண் போவது அந்த இடத்தில்தான். 24/36க்கு 6/9 என்று எழுதிவிட்டு எழுந்து போய்விடுவார்கள்.

இரண்டாவதுதான் ருசியான கேள்வி. 2, 5 என்றால் கடைசி இலக்கத்தைப் பார்த்தால் போதும், 3க்கு இலக்கங்களைக் கூட்டிப் பார்க்கலாம். தொல்லை கொடுக்கிறவை 7, 13, 17, 19. பார்த்தால் பகா எண் போலவே முகத்தை வைத்துக்கொண்டு நிற்கிற ஆட்கள் நாலு பேர் உண்டு: 51, 57, 87, 91. முதல் மூன்றும் 3ஆல் வகுபடும், 91 என்பது ஏழு பதின்மூன்று. இவர்களை முகம் பார்த்தே அடையாளம் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

மற்றபடி ஒரு கைவைத்தியம் சொல்கிறேன். மேலே உள்ளதைக் கீழே உள்ளதிலிருந்து கழியுங்கள். இரண்டையும் வகுக்கிற எண் ஏதாவது இருந்தால், அது இந்த வித்தியாசத்தையும் வகுத்தே தீரும். 68 − 51 = 17. ஆக 17, இல்லாவிட்டால் 1, வேறு எதையும் தேட வேண்டாம். 17 வாய்ப்பாட்டில் 51உம் உண்டு, 68உம் உண்டு, 3/4. ஏன் இது பலிக்கிறது என்று மகள் கேட்டால் செங்கல்லைச் சொல்லுங்கள். இரண்டு வரிசைகள், இரண்டுமே முழுச் செங்கல்லாக அடுக்கியவை. நீள வரிசையிலிருந்து குட்டை வரிசை அளவுக்கு எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பதும் முழுச் செங்கல்தானே, அரைச் செங்கல் எங்கிருந்து வரும்?

49/91ஐச் சொன்னீர்கள், அது உங்கள் மகள் நோட்டில் புதிதாகப் பிறந்த கணக்கு இல்லை. சீனாவில் 'கணிதக் கலையின் ஒன்பது அத்தியாயங்கள்' என்று ஏறத்தாழ 2000 ஆண்டு பழைய நூல் ஒன்று இருக்கிறது, அதன் முதல் அத்தியாயத்தில் பின்னத்தைச் சுருக்குவதற்கு உதாரணமாக இதே 49/91தான் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் சொல்கிற முறை: இரண்டையும் பாதியாக்க முடிந்தால் ஆக்கு, முடியாவிட்டால் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துக்கொண்டே போ, இரண்டும் சமமாகும்போது நிறுத்து, அந்த எண்ணால் வகு. 91 − 49 = 42. 49 − 42 = 7. இனி 42இலிருந்து 7 7ஆகக் கழித்தால் 35, 28, 21, 14, 7. இரண்டு பக்கமும் 7. எனவே 7/13. கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் கி.மு. 300 வாக்கில் எழுதி வைத்ததும் இதே யுக்திதான். வாய்ப்பாடு சரியாக வராத பிள்ளைகளுக்கு இது பெரிய வரப்பிரசாதம், கழித்தல் மட்டும் தெரிந்தால் போதும். ஏன் ஆறாம் வகுப்பிலேயே எல்லாரும் இதைச் சொல்லிக் கொடுப்பதில்லை என்று எனக்கு ரொம்ப நாளாகவே ஒரு ஆதங்கம்.

*

கேள்வி: டீச்சர், எல்லாப் பின்னத்தையும் சுருக்க முடியுமா? பரீட்சையில் ஒரு கணக்கு எவ்வளவு முயற்சி செய்தும் சுருங்கவில்லை. பயந்துபோய் ஏதோ ஒன்றை எழுதிவிட்டேன்.
(ஆறாம் வகுப்பு மாணவி, நாகர்கோவில்)

முடியாது கண்ணு. 8/15ஐத் தலைகீழாக நின்றாலும் சுருக்க முடியாது, 'இதுவே எளிய வடிவம்' என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போகலாம், அதற்கு முழு மதிப்பெண் உண்டு. சொன்னால் நம்பமாட்டாய், சுருங்காத பின்னங்கள்தான் அதிகம். 1 முதல் 100 வரை மேலே ஒரு எண், கீழே ஒரு எண் என்று எழுதினால் மொத்தம் 10,000 ஜோடி வரும், அதில் 6,087 ஜோடிகள் சுருங்கவே சுருங்காது. பயிற்சிக் கணக்கில் மட்டும் எல்லாம் சுருங்குகிற மாதிரியே பொறுக்கிப் பொறுக்கிப் போடுகிறோம், அதனால்தான் சுருங்காவிட்டால் நம் தப்பு என்று பயம் வருகிறது. அந்தத் தப்பு எங்கள் மேல்தான்.

*

கேள்வி: எட்டாம் வகுப்புப் பையன் (3+5)/(3+7) என்பதில் மேலேயும் கீழேயும் இருக்கும் 3ஐ வெட்டிவிட்டு 5/7 என்கிறான். 'பெருக்கலில் வெட்டலாம், கூட்டலில் வெட்டக்கூடாது' என்று நூறு முறை சொல்லியாகிவிட்டது.
(ஒரு தாத்தா, கும்பகோணம்)

நூற்றியோராவது முறை சொல்லாதீர்கள் ஐயா. கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்: 8/10, அதாவது 4/5. 5/7 வேறு, 4/5 வேறு. வெட்டு என்ற சொல்லையே வீட்டில் ஒரு மாதம் தடை செய்துவிட்டு, 'எதனால் வகுத்தாய்?' என்று மட்டும் கேளுங்கள். '3ஆல் வகுத்தேன்' என்று சொன்னால், 'அப்படியா, 5ஐ வகுத்தாயா?' என்று கேளுங்கள். திருப்பூர் அம்மாவுக்குச் சொன்னதுதான் இங்கேயும்.

*

கேள்வி: தமிழ் வழியிலிருந்து ஆங்கில வழிக்கு மாறி வந்த பிள்ளைகளுக்கு வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். 'மூன்றில் இரண்டு பங்கு' என்றால் சிலர் 3/2 என்று எழுதுகிறார்கள். சுருக்குவது சரியாகத்தான் செய்கிறார்கள், ஆனால் தலைகீழாகச் செய்கிறார்கள்!
(டியூஷன் ஆசிரியை, கோவை)

தமிழில் கீழே உள்ளதை முதலில் சொல்கிறோம், மூன்றில் இரண்டு. ஆங்கிலத்தில் மேலே உள்ளது முதலில், டூ பை த்ரீ. காதில் விழுந்த வரிசையில் எழுதினால் இப்படித்தான் ஆகும். என்னைக் கேட்டால் தமிழ் வரிசைதான் புத்திசாலித்தனம். முதலில் மூன்றாக உடைத்தோம், அப்புறம் இரண்டை எடுத்தோம், நடந்தது நடந்த வரிசையில் சொல்கிறது. 'டூ பை த்ரீ' என்பதில் ஒரு படமும் தெரிவதில்லை.

எழுதும்போது முதலில் கோடு, பிறகு கீழே 3, கடைசியாக மேலே 2 என்று அடியிலிருந்து எழுதப் பழக்கிப் பாருங்கள். எழுதி முடித்ததும் ஒரே கேள்வி: 'இது ஒண்ணை விடப் பெரிசா, சின்னதா?' ஒரு தோசையில் மூன்றில் இரண்டு பங்கு தின்றவன் ஒன்றரை தோசை தின்றதாக எழுதியிருந்தால் அவனே சிரிப்பான்.

*

கேள்வி: செல்போனில் தட்டினால் விடை வருகிறது. இந்தக் காலத்தில் பின்னத்தைச் சுருக்கிப் பழகுவது வெட்டி வேலை இல்லையா?
(ஓய்வுபெற்ற அலுவலர், திருச்சி)

பாதி ஒத்துக்கொள்கிறேன். 1386/2310 மாதிரிக் கணக்கைக் கொடுத்து (விடை 3/5, அதற்கு அரைப் பக்கம் எழுத வேண்டும்) பிள்ளைகளை வதைப்பது வெட்டி வேலைதான். அதை நான் போடுவதே இல்லை.

ஆனால் தட்டினால் என்ன வருகிறது? நகைக் கடைக்குப் போகிறீர்கள், 22 கேரட். சொக்கத் தங்கம் 24 கேரட், ஆகவே 22/24. செல்போனில் தட்டினால் 0.916666 என்று ஓடிக்கொண்டே போகும். நகையில் 916 என்று முத்திரை குத்தியிருக்கிறதே, அது இந்த எண்தான். சரி, அதனால் உங்களுக்கு என்ன தெரிந்தது? 2ஆல் வகுத்துச் சுருக்குங்கள், 11/12. ஒன்றரை சவரன் சங்கிலி, அதாவது 12 கிராம் வாங்கினால், 11 கிராம் தங்கம், 1 கிராம் செம்பு, வெள்ளி என்று வேறு உலோகம். இப்போது கையில் இருப்பது என்னவென்று தெரிகிறது இல்லையா? 18 கேரட் என்றால் 18/24, முக்கால். அதனால்தான் அதில் 750 என்று இருக்கும்.

*

இந்த மாதக் கணக்கு: 221/299. சுருங்குமா, சுருங்காதா? செல்போன் கூடாது, மதுரை அம்மாவுக்குச் சொன்ன கழித்தல் வைத்தியம் போதும், வித்தியாசம் 78 என்பது வரை நானே சொல்லிவிடுகிறேன். எதனால் வகுத்தீர்கள் என்பதையும் எழுதி அனுப்புங்கள். வெறும் விடைக்கு டிக் கிடையாது.